110 கொரோலா ஓட்டோ கியர்: இரண்டிலிருந்து மூன்றுக்கு இப்போது கத்தாமல் போகிறது

கியர் பெட்டியை இறக்கவில்லை. கிளச் பிளேட் மாற்றவில்லை. ஆனாலும் மூன்றாம் கியர் விழும்போது எஞ்சின் கத்துவது நின்றுவிட்டது. "பெட்டி முடிஞ்சுது அண்ணை, வேற பெட்டி போடுறதுதான் வழி" என்று சொன்ன எல்லாருக்கும் இந்தப் பதிவைச் சமர்ப்பிக்கிறேன்.

கார் ரொயோட்டா கொரோலா ஏஈ 110, 5ஏ எஞ்சின், நாலு கியர். கியர் மாற்றத்தைக் கம்பியூட்டர் தீர்மானிக்கிற வகை இல்லை, ஒயில் அழுத்தமே மாற்றுகிற பழைய வகை. பெடலை மெதுவாக மிதித்தால் எந்தக் குறையும் தெரியாது. பஸ் ஒன்றை முந்தவென்று அரைவாசி மிதித்தால் போதும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடி விட்டு எஞ்சின் தனியாக மேலே ஏறும், பிறகு 'டங்' என்று மூன்று விழும். இன்னொரு தொல்லையும் இருந்தது. யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 வீதியில் சீராக 70இல் போய்க்கொண்டிருக்கும்போது ஓவர்டிரைவ், அதாவது நாலாம் கியர், தானாகக் கழன்று மூன்றுக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் திரும்பப் போகும். இரண்டும் ஒரே வருத்தம் என்றுதான் நானும் பார்த்தவர்களும் நினைத்தோம். இல்லை, வேறு வேறு.

பெட்டி மாற்ற நான் சம்மதிக்காததற்குக் காரணம் ஒயில். கருக்கவில்லை, எரிந்த மணம் இல்லை. வெள்ளைத் துணியில் துடைத்தால் சிவப்பு மங்கித் தெரிந்தது, தூள் இல்லை. பிளேட் கருகிய பெட்டியின் ஒயில் இப்படி இருக்காது. அதோடு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும் பெட்டி எந்தக் காரிலிருந்து, என்ன நிலையில் இறங்கியது என்று விற்பவருக்கே தெரியாது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு வந்த மவுசில் உதிரிப்பாகமும் சேர்ந்து ஏறிவிட்டது.

பெட்டி ஒயிலின் அளவைக் குச்சியில் பார்க்கிற விஷயம் உங்களுக்குத் தெரியும், விரிவாகச் சொல்லவில்லை. ஆனால் ரொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கத்தான் பார்க்கவேண்டும். பழைய ஹொண்டாக்காரர் நிற்பாட்டிவிட்டுப் பார்ப்பார்கள், அந்தப் பழக்கத்தில் இதைப் பார்த்தால் பிழையான அளவு வரும். எனக்கு வசதியான இடம் ஏ9 வழியில் இருக்கிற முறிகண்டி. பிள்ளையாரடியில் எப்படியும் நிற்கத்தானே வேண்டும், அந்த நேரம் பெட்டியும் நல்ல சூட்டில் இருக்கும். மற்றவர்கள் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும்போது நான் பொனற்றைத் திறந்துவைத்து லீவரைப் பார்க்கிலிருந்து லோ வரைக்கும் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பேன். அளவு சரியாகவே இருந்தது.

இனி கேபிள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

த்ரொட்டில் (பெடலை மிதிக்க எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் வால்வு) புல்லியிலிருந்து பெட்டிக்குள் போகிற அந்த மெல்லிய கேபிளைப் பலர் 'கிக் டவுன் கேபிள்' என்கிறார்கள், பெடலை அடியோடு மிதிக்கும்போது கீழ்க் கியருக்கு இறக்குகிற கேபிள் என்று. கிக் டவுனுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கால் எவ்வளவு மிதிக்கிறது என்று பெட்டிக்குச் செய்தி கொண்டுபோகிற ஒரே தூதன் இதுதான். அது இழுபடுகிற அளவுக்கு உள்ளே த்ரொட்டில் அழுத்தம் கூடும், அதை வைத்துத்தான் பெட்டியின் மொத்த அழுத்தமும் கூடும். கேபிள் தளர்ந்தால் கியர் முந்தி மாறும், அழுத்தம் காணாமல் கிளச் வழுக்கும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் கியர் பிந்தி மாறும், மாறும்போது உதைக்கும். என் காரின் வருத்தம் முதலாவது வகை என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் பார்த்த ஒவ்வொருவரும் ஸ்ரொப்பரைப் பார்த்துவிட்டு "கேபிள் சரி" என்றார்கள்.

ஸ்ரொப்பர் என்பது உள்கம்பியில் நசுக்கிவைத்த சின்ன உலோக மணி. த்ரொட்டில் மூடியிருக்க, வெளியுறையின் முனைக்கும் மணிக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். (இன்னும் பழைய மொடல்களில் பெடலை முழுக்க மிதித்து ரப்பர் உறையின் முனையில் அளக்கச் சொல்வார்கள். இரண்டையும் குழப்பினால் கதை கந்தல்.) என் காரில் ஒரு மில்லிமீற்றர் அச்சொட்டாக இருந்தது. ஆனால் அதே அறிவுறுத்தலில் இன்னொரு வரியும் இருக்கிறது: உள்கம்பி தொய்ந்திருக்கக் கூடாது. அதை யாரும் கவனிக்கவில்லை. விரலால் தொட்டாலே கம்பி ஆடியது. புல்லியைக் கையால் திருப்பினால் த்ரொட்டில் கால்வாசி திறந்த பிறகுதான் கம்பி இழுபடத் தொடங்கியது.

அப்போதுதான் விளங்கியது, இது காரோடு வந்த கேபிள் இல்லை. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். புதுக் கேபிளில் மணி இறுகாமல்தான் வரும். பூட்டுகிறவர் கம்பியை மெதுவாக இழுத்து, உள்ளே லேசான தடை தட்டுப்படுகிற இடத்தில் பிடித்துக்கொண்டு, முனையிலிருந்து 0.8 முதல் 1.5 மில்லிமீற்றர் தள்ளி மணியை நசுக்கவேண்டும். பூட்டிய ஆள் வாய்த்த இடத்தில் நசுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பிழையான மணியிலிருந்து எவ்வளவு திறமாக அளந்தாலும் என்ன பிரயோசனம்?

நசுக்கிய மணியை நகர்த்த முயன்றால் கம்பியின் இழை அறுந்துவிடும். அதனால் அதை விட்டுவிட்டேன். நட் இரண்டையும் தளர்த்தி, த்ரொட்டிலை மூடிவைத்து, கம்பியை இரண்டு விரலால் இழுத்தேன். முதலில் வெறும் தொய்வு வரும், பிறகு ஒரு மெல்லிய ஸ்பிரிங் தடை. அந்த இடம்தான். அதைத் தாண்டி இழுத்தால் பெட்டிக்குள் இந்தக் கேபிள் திருப்புகிற கமை (cam) திருப்பத் தொடங்கிவிடுவோம். திரும்பத் திரும்ப இழுத்து, ஒரே இடத்தில் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, மனைவியின் சிவப்புக் கியூட்டெக்ஸால் கம்பியில் ஒரு கோடு போட்டேன். இனி இதுதான் என் ஸ்ரொப்பர். பிறகு வெளியுறையைப் புல்லியிலிருந்து விலகுகிற பக்கம் நகர்த்தி, கோடு முனைக்கு ஒரு மில்லிமீற்றருக்குள் வரும்படி நட்டை இறுக்கினேன். மரைக்கு இடம் போதுமாக இருந்தது அதிர்ஷ்டம்.

இதற்கு முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று: பெடலை ஒருவர் முழுக்க மிதிக்க, த்ரொட்டில் உண்மையாகவே முழுதும் திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையால் திறந்து பார்ப்பது கணக்கில் வராது. தடித்த கால்மெத்தை போட்ட கார்களில் பெடல் அடிவரைக்கும் போகாது.

பலாலி வீதியில் ஓடிப் பார்த்தேன். அரைப் பெடலில் மூன்று வழுக்காமல் விழுந்தது. ஆசை விடவில்லை, நட்டில் இன்னொரு சுற்று ஏற்றிப் பார்த்தேன். முதலாம் கியரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது, இரண்டு உதைத்துக்கொண்டு வந்தது. திரும்பக் கோட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். சுகமான ஓட்டத்துக்காகக் கேபிளைத் தளர்த்தி வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மெத்தென்று மாறும்தான், ஆனால் பிளேட்டைத் தின்றுகொண்டே மாறும்.

ஓவர்டிரைவ் கழன்ற கதை சிறியது. பரந்தன் தாண்டி வேகம் பிடித்து ஆனையிறவுக் காற்றில் போகும்போது சூட்டு முள் கால்வாசிக்குக் கீழே இறங்குவதைக் கண்டேன். தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு, இருக்கிற உறையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. 'நம்ம ஊர்ச் சூட்டுக்கு அது தேவையில்லை' என்று கழற்றி எறிகிற வழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னும் உண்டு. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே இருந்தால் இந்தக் கார் ஓவர்டிரைவை அனுமதிக்காது. ஊருக்குள் ஊர்ந்து போகும்போது சூடு நிற்கும், நெடுஞ்சாலைக் காற்றில் குளிர்ந்துவிடும், உடனே மூன்று. 82 பாகைத் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, சட்டித் தண்ணீரில் கொதிக்கவைத்துத் திறக்கிறதா என்று பார்த்து, ஆடுகிற சின்ன ஊசியை மேற்பக்கமாக வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு கிளிநொச்சி போகும்வரை நாலிலேயே நின்றது.

மிச்சம் இருப்பது ரிவேர்ஸ். நியூட்ரலிலிருந்து டிரைவ் போட்டால் 1.2 செக்கனுக்குள்ளும், ரிவேர்ஸ் போட்டால் 1.5 செக்கனுக்குள்ளும் பிடிக்கவேண்டும். டிரைவ் நல்லம். ரிவேர்ஸ் காலையில் மட்டும் யோசித்து யோசித்துப் பிடிக்கிறது. வடிகட்டி அடைத்திருக்கலாம் என்று சந்தேகம், பெட்டியின் அடியில் இருக்கிற ஒயில் சட்டியை இறக்கிப் பார்க்கத்தான் போகிறேன். ஒயில்தான் தலையிடி. இதற்கு டெக்ஸ்ரோன் 3 என்ற தரத்து ஒயில் வேண்டும். ஜெனரல் மோட்டோர்ஸ் அந்தத் தரத்துக்கு அனுமதி கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது, ஆகவே இன்று கடையில் '3' என்று எழுதியிருப்பதெல்லாம் தயாரிப்பாளரின் சொல்லை நம்பி வாங்குவதுதான். ஒரு கடையில் டைப் டீ-4 என்ற வேறு தரத்து ஒயிலை எடுத்து நீட்டி "எல்லாம் ஒண்டுதான்" என்றார்கள். வாங்கவில்லை. கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் நாலு லீற்றர் கொண்டுவருகிறார். சட்டியை இறக்கினாலும் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள டோர்க் கொன்வேட்டருக்குள் இருப்பது வடியாது, அதனால் கொஞ்ச நாள் ஓடிவிட்டு இன்னொரு முறை மாற்றவேண்டி வரும்.

இதற்கிடையில் றேடியேற்றருக்கு முன்னால் தனி ஒயில் கூலர் ஒன்று பூட்டலாமா என்ற யோசனையும் ஓடுகிறது, அதைத் தாங்குகிற கம்பிகூட வளைத்துப் பார்த்துவிட்டேன். சட்டி வேலை முதலில். அதன் போல்ட்டுகளுக்கு 4.9 நியூற்றன் மீற்றர் மட்டுமே. என்னிடம் இருக்கிற, இறுக்கத்தை அளந்து பூட்டும் டோர்க் ஸ்பானர் 20இல்தான் தொடங்குகிறது, சின்னது ஒன்று யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள்.