பலூன் வீடும் மூக்குறிஞ்சலும்

"கார்ட்டூன் படம்தானே, எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்" என்று யாராவது சொல்லி, அது 'அப்' படமாகவும் இருந்துவிட்டால், கால் மணி நேரத்துக்குள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும். ஒருவர் தண்ணீர் எடுக்க எழுந்து போவார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். மூன்றாமவருக்குத் தும்மல் வரும், சத்தம் மட்டும் வராது. அழாமல் இருப்பவர்கள் இரண்டே பேர்: ஆறு வயதுக் குழந்தையும், ஏற்கெனவே குறட்டை விட ஆரம்பித்துவிட்ட பெரியவரும். அந்தக் குழந்தைதான் எழுந்து நின்று, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாரும் அழறீங்க?" என்று உரக்கக் கேட்கும்.

2009இல் பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் எடுத்த படம் இது. இயக்கம் பீட் டாக்டர், நீளம் 96 நிமிடம். அந்த வருடக் கான் திரைப்பட விழாவையே இதை வைத்துத்தான் தொடங்கினார்கள். ஒரு அனிமேஷன் படத்துக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. அங்கே வந்தவர்கள் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். கொடுத்துவைத்தவர்கள். அழுகையை மறைக்க அதைவிட வசதியான சாமான் கிடையாது.

அழுது மாட்டிக்கொள்ளும் இடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கார்ல், எல்லி என்ற கணவன் மனைவியின் மொத்தக் குடித்தனத்தையும் நாலரை நிமிடத்துக்குள், ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஓட்டிக் காட்டுவார்கள். வசனம் இல்லாததுதான் வில்லங்கமே. யாராவது பேசினால், "ரொம்ப நாடகத்தனமா இருக்கு" என்று குறை சொல்லியாவது தப்பித்துவிடலாம். இங்கே பேசுவதெல்லாம் சாமான்கள். சின்ன வயதிலிருந்தே கனவு கண்ட தூரத்து அருவி ஒன்றுக்குப் போகச் சில்லறை சேர்க்கும் கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கிறது. கார் டயர் வெடிக்கிறது, ஜாடி உடைகிறது. கால் முறிகிறது, மறுபடி உடைகிறது. கூரைமேல் மரம் விழுகிறது, இன்னொரு தடவை. மாதக் கடைசியில் உண்டியலைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிற யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அடுத்து, தினமும் காலையில் எல்லி கார்லுக்கு டை கட்டிவிடுவதைக் காட்டுவார்கள். டை மாற மாற வருடங்கள் ஓடுகின்றன, கடைசி டைக்கு வரும்போது தலை நரைத்திருக்கும். ஒரு குன்று வரும். ஆரம்பத்தில் எல்லி முன்னால் ஓடுவாள், கார்ல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறுவார். கடைசியில் அதே குன்றில் கார்ல் மேலே நிற்பார், எல்லியால் ஏற முடியாது.

பாட்டும் ஒரே மெட்டுதான். இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோ அந்த மெட்டைக் கல்யாணத்தில் துள்ளவிட்டு, போகப் போக வேகத்தைக் குறைத்து, முடிவில் ஒற்றைப் பியானோவிடம் ஒப்படைத்துவிடுவார். படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த இடம் ஆபத்து: அறை அவ்வளவு அமைதியாக இருக்கும்போது மூக்கை உறிஞ்சினால் பக்கத்து அறைக்கும் கேட்கும்.

உறிஞ்சாமல் இருக்கவும் முடியாது. கண்ணின் உள்மூலையில் மேலிமைக்கு ஒன்று, கீழிமைக்கு ஒன்று என இரண்டு சின்னத் துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே இறங்கி மூக்குக்குள்தான் போய்ச் சேர்கிறது. கன்னத்தில் வழிவது அந்தக் குழாய் கொள்ளாமல் மிஞ்சியது மட்டுமே. கண்ணைத் துடைப்பதில் கெட்டிக்காரரான ஆளையும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதனால்தான். தொண்டையில் உருண்டை அடைப்பதற்கும் காரணம் உண்டு: அழுகை முட்டும்போது நிறையக் காற்று வேண்டும் என்று குரல்வளை வாய் திறந்து நிற்கும், எச்சில் விழுங்க அது மூடியாக வேண்டும், இரண்டும் இழுபறி. ஒரு மடக்குத் தண்ணீர் கொஞ்சம் உதவும். ஆகவே தண்ணீர்ச் செம்பைச் சமையலறையில் வைக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது உத்தமம். கூடவே சிறுசுகளுக்கு ஒரு பதிலும் தயாராக இருக்கட்டும். குழந்தைக்கென்று அறைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள், சட்டென்று டாக்டர் அறை, எல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்ற கேள்வி அந்த நொடியில் வரும். "பாப்பா வரலைன்னு சொன்னாரு" போதும். அதற்குமேல் விளக்கப் போனால் விளக்குகிறவர் குரல்தான் உடையும்.

எல்லி போனதும் விடிகிற காலையில், கார்ல் படிக்கட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஆமை வேகத்தில் கீழே இறங்குவார். வீடே தேவைக்கு அதிகமாகச் சிரிக்கும். முகத்தைச் சரிசெய்துகொள்ளத் தரப்பட்ட அவகாசம் அது, வீணாக்கக் கூடாது.

அந்த அருவிக்குப் போக, கார்ல் பலூன்களைக் கட்டி வீட்டையே பறக்க விட்டதும், அழுததைச் சமன் செய்ய ஒருவர் விஞ்ஞானி ஆகிவிடுவார். "இதெல்லாம் நடக்குமா?" நடக்காது. ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிராம் தூக்கும். பிறந்தநாளுக்குக் கட்டுகிற 11 அங்குலப் பலூனில் 14 லிட்டர் பிடிக்கும், ரப்பர் எடையும் நூலும் போக மிஞ்சுவது 11 கிராம். வீடு கிளம்பும் காட்சியில் பிக்சார் வரைந்தது 20,622 பலூன்கள். பெருக்கினால் சுமார் 227 கிலோ. கார்ல், அவரோடு வந்து மாட்டிக்கொண்ட சிறுவன் ரஸ்ஸல், வழியில் சேர்ந்துகொள்ளும் நாய், இரண்டு நாற்காலி வரைக்கும் தாராளம். வீட்டை 40 டன் என்று வைத்துக்கொண்டால் 36 லட்சத்துக்கு மேல் பலூன் வேண்டும். அத்தனையையும் ஊதி முடிப்பதற்குள் முதலில் ஊதியது சுருங்கிவிடும்: ஹீலியம் ரப்பர் வழியாகவே கசியும், 11 அங்குலப் பலூன் ஒரு நாள் மிதந்தால் அதிகம்.

விஞ்ஞானி கவனிக்காமல் விடுவது இந்தக் கசிவைத்தான். படமே அதன்மேல்தான் நிற்கிறது. வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் கார்ல் அதைத் தோட்டத்து ரப்பர் குழாயில் கட்டி முதுகில் இழுத்துக்கொண்டு நடப்பார். ஒருவழியாக அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் சதுர நாற்காலியில், எல்லியின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவார். அவள் சின்ன வயதில் ஆரம்பித்த ஆல்பத்தைத் திறப்பார். 'இனிமேல் செய்யப்போகிறவை' என்ற பக்கத்துக்குப் பின்னால் வெறும் தாள்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர், திருப்பிப் பார்த்தால் முழுக்கப் புகைப்படங்கள்: கல்யாணம், கார், சும்மா உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள். கடைசியில் எல்லியின் கையெழுத்து. போய்ப் புதுசாக ஒன்று ஆரம்பி என்று சொல்கிறது.

முதல் அழுகைக்கு எல்லாரும் தயாராகத்தான் வருகிறார்கள். ஆளைச் சாய்ப்பது இந்த இரண்டாவது. செம்பும் காலி, கைக்குட்டையும் ஏற்கெனவே ஈரம். இதற்குப் பிறகுதான் அந்த ஹீலியக் கணக்கு வேலை செய்யும். தனியாகக் கிளம்பிப் போய்விட்ட ரஸ்ஸலைத் தேடிப் போக வேண்டும், ஆனால் பலூன் குறைந்துவிட்டது, வீடு எழும்பாது, பாரத்தைக் குறைத்தாக வேண்டும். பொத்திப் பொத்தி வைத்திருந்த தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் கார்ல் தூக்கி வெளியே எறிவார். இரண்டு நாற்காலிகளை மட்டும் எறிய மாட்டார், பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

இதிலும் கல்லாக உட்கார்ந்திருந்த அப்பாக்களுக்கு ரஸ்ஸல் இருக்கிறான். அப்பாவோடு ஐஸ்கிரீம் கடை வாசலில் உட்கார்ந்து, போகிற கார்களில் நீலத்தை இவனும் சிவப்பை அவரும் எண்ணிய கதையை அவன் சொல்லும்போது, சோபாவில் ஒரு கைபேசி சத்தமில்லாமல் பைக்குள் போகும். கடைசிக் காட்சியில் அந்த விளையாட்டைக் கார்ல் விளையாடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டக் என்ற அந்தப் பேசும் நாய் "சாம்பல் கலர்" என்று தன் பங்குக்குச் சொல்லும். நாய்க்குச் சிவப்புதான் சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகவே தெரியும். அதுவும் ஆட்டத்தில் சேரட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

இரவு 9 மணிக்குப் போட்டால் 10.36க்கு முடியும். பெற்றோர் வேறு ஊரில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் போன் பக்கம் கை போகும். விடியும்வரை பொறுப்பது நல்லது. அந்நேரத்துக்கு மணி அடித்தாலே மறுமுனைக்குப் பகீரென்றிருக்கும். "என்னாச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பார் அப்பா. "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்." "சும்மாவா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "சளி." நாலு நொடி மௌனம். பிறகு, "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."