வள்ளத்துக்கு ஒரு கம்போஸ்ட் டாய்லெட்: இதுவரை செய்து பார்த்தது

கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடி காயலில் கட்டிக் கிடக்கும் எங்கள் பழைய ஃபைபர் வள்ளத்தைத் தங்குகிற படகாக மாற்றும் வேலையில் கூரை, படுக்கை, அடுப்பு, சோலார் எல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது கக்கூஸ். எழுதக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனால் படகைப் பார்க்க வருகிற எல்லோரும் குரலைத் தாழ்த்தி முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். வள்ளம் 32 அடி. கக்கூஸுக்கு ஒதுக்க முடிந்தது பின்பக்கம் இரண்டரை அடிக்கு மூன்றடி இடம். சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் நானும் மனைவியும் அதில்தான் இருப்போம், சில சமயம் வாரம் முழுக்க.

காயலிலேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பழையாறு வழியெல்லாம் உள்ள தண்ணீரை வாங்கிக்கொண்டு மணக்குடியில் கடலில் சேருகிறது, ஆனால் கோடையில் வரத்து குறைந்ததும் அலை மண்ணைத் தள்ளிப் பொழியை, அதாவது முகத்துவாரத்தை, அடைத்துவிடும், அப்புறம் மழை வந்து பொழி முறிகிற வரைக்கும் அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கும், அதில்தான் வலை வீசுகிறார்கள், மட்டியும் எடுக்கிறார்கள். நான் கப்பலில் வேலை பார்த்தபோது கப்பல்கள் கடலைக் கெடுக்காமல் தடுக்கிற சர்வதேச மார்போல் விதிகளின் நான்காம் இணைப்பை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவு என்றால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அப்படியே விடுவதென்றால் 12 கடல் மைலுக்கு அப்பால், அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக. 400 டன்னுக்குக் குறையாத, அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றுகிற, வெளிநாடு போகும் கப்பல்களுக்கான விதி அது, என் வள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காது. ஆனாலும் கடலுக்கே 12 மைல் கேட்கிற சரக்கை அடைபட்ட காயலில் கொட்ட மனசு வரவில்லை. (நாற்றத்துக்குப் பயந்து சொல்லவில்லை. கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போட்ட பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் எந்தக் கக்கூஸும் தோற்றுப்போகும்.)

மற்ற வழிகளைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். கைப்பம்பு வைத்த மரைன் டாய்லெட் மாட்டினால் கழிவைச் சேர்த்துவைக்கத் தொட்டி வேண்டும், தொட்டி நிறைந்தால் உறிஞ்சி எடுக்கக் கரையில் பம்பு வசதி வேண்டும், இந்தப் பக்கம் எங்கே போவது? போதாக்குறைக்கு அரைத்தொட்டி தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து ஆடினால் சின்ன வள்ளத்துக்கு நல்லதல்ல. பெட்டி மாதிரி தூக்கிப் போகிற ரசாயன டாய்லெட் ஊர் சுற்றும்போது சரி, மாதக்கணக்கில் அந்த நீல மருந்தை வாங்கி ஊற்றி, அதைக் கரையில் ஒரு செப்டிக் டேங்கில் கொட்டி அங்கே உள்ள பாக்டீரியாவையும் கெடுக்க வேண்டாம் என்று விட்டேன். ரயில் பெட்டிகளில் இருக்கிற, ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் பயோ டாய்லெட்டையும் யோசித்தேன். அதில் காற்றில்லாமல் வாழ்கிற பாக்டீரியா கழிவைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றுகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் கீழே வெளியேறத்தான் செய்யும், அப்போது மறுபடியும் காயல்தான்.

ஆக கம்போஸ்ட் டாய்லெட். வெளிநாட்டில் படகிலேயே குடியிருப்பவர்கள் அதிகம் பேசுவது நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட், சி ஹெட், அப்புறம் ஸ்வீடனின் செப்பரெட். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மூத்திரம் முன்பக்கம் ஒரு கேனுக்கு, மலம் பின்பக்கம் ஒரு வாளிக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பழக்கமான நாற்றம், ஏனென்றால் மலத்தில் உள்ள பாக்டீரியா மூத்திரத்தின் யூரியாவை அமோனியாவாக உடைத்துவிடும். பிரித்துவிட்டால் மலம் வெறும் ஈரமண் வாடையோடு உலரத் தொடங்கும். நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட் இரண்டிலும் வாளிக்குள் கிளறுகிற கைப்பிடி உண்டு. மலத்தின்மேல் தேங்காய் நார்த்தூள் மாதிரி ஏதாவது போடுவதுதான் வழக்கம், செப்பரெட்டின் வில்லா மாடலில் அந்தத் தூளே போட வேண்டாம், மின்விசிறிதான் உலர்த்துகிறது. நேச்சர்ஸ் ஹெட் விலை ஆயிரம் டாலரைத் தொடும், அதோடு கப்பல் செலவு, சுங்கவரி. பார்த்ததுமே வயிறு கலங்கியது, கக்கூஸ் தேவைப்படும் அளவுக்கு.

ஆனால் நான் அதை வாங்காததற்கு விலை காரணமில்லை. இவை எல்லாம் காகிதத்தில் துடைக்கிறவர்களுக்குச் செய்தது. நாம் கழுவுகிறவர்கள். விளம்பரத்திலும் சரி, வீடியோவிலும் சரி, ஒருவர்கூடக் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று பேசவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலே இரண்டு பேருக்கு வாரம் 14 லிட்டர். வாளியில் போடுகிற தேங்காய் நார்த்தூள் உலர்ந்த எடையில் ஒன்றிரண்டு கிலோதான் இருக்கும். அது தன் எடையைப்போல ஏழெட்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் என்றாலும் ஒரு வாரத்தில் சேறாகிவிடும், சேறானால் உள்ளே காற்று போகாது, அப்புறம் கம்போஸ்ட் என்று பேச்சே கிடையாது. மூத்திரக் கேனுக்குத் திருப்பினாலோ அதுவும் கெட்டு நாறும். அதனால் எந்த மாடலைப் பார்த்தாலும் நான் கேட்ட ஒரே கேள்வி, கழுவுகிற தண்ணீருக்கு மூன்றாவது வழி இருக்கிறதா என்பதுதான்.

விடை நம் ஊரிலேயே இருந்தது. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் கட்டிய எக்கோசான் என்கிற, கழிவைப் பிரித்து உரமாக்குகிற கழிப்பறைகளில் பேசினிலேயே மூன்று இடம் உண்டு: மூத்திரத்துக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கழுவ ஒன்று. கழுவிய தண்ணீர் கல்வாழை மாதிரி செடி வைத்த மணல் படுகைக்குப் போகும். (அங்கே ஒரு பொதுக் கழிப்பறையில் வந்து போகிறவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள், அப்போது செய்தியில் பெரிதாக வந்தது.) என் இரண்டரை அடி இடத்தில் நகர்ந்து உட்கார வழியில்லை, மூட்டுவலி இருக்கிற மனைவிக்குக் குத்தவைத்து உட்காரவும் முடியாது. ஆகவே ஆள் நகராமல் தட்டு நகர்கிற மாதிரி யோசித்தேன்.

இருக்கைக்குக் கீழே ஒரு ஆழமில்லாத ஃபைபர் தட்டு, மேசை டிராயருக்கு வைக்கிற ஸ்லைடில் ஓடும். சும்மா இருக்கும்போது பின்னால் ஒதுங்கி இருக்கும். வேலை முடிந்ததும் பக்கத்திலுள்ள கைப்பிடியை இழுத்தால் மலவாளியின் வாயை மூடிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும், அதன்மேல் கழுவினால் தண்ணீர் பின்பக்கச் சரிவில் ஓடி, வளைகிற ஹோஸ் வழியாகத் தனிக் கேனுக்குப் போகும். வாளியின் விளிம்புக்கும் தட்டுக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறேன், அதைக் குறைக்கவே கூடாது, ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஹெல்த் ஃபாசெட் வைக்கவில்லை, அது தெறிக்கும், தண்ணீரும் கணக்கில்லாமல் போகும். வீட்டில் சும்மா கிடந்த கிண்டியை எடுத்து வந்தேன். அந்த மூக்கு வழியாக மெல்லிசாக விழுகிற தண்ணீரில் அரை லிட்டரே தாராளம்.

பேசினையும் தட்டையும் ஃபைபர் வள்ளம் கட்டுகிற ஒரு யார்டில் செய்தோம். நம் கடற்கரையில் பிறந்ததற்கு இந்த ஒரு லாபம் உண்டு, ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் கையில் பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வள்ளத்துக்கு வழுவழுப்பு வெளிப்பக்கம் வேண்டும், பேசினுக்கு உள்பக்கம் வேண்டும், அதனால் அச்சைத் தலைகீழாக, அதாவது பேசினின் உள்வடிவம் மேடாக நிற்கிற மாதிரி தெர்மோகோலில் செதுக்கி, பாரிஸ் பிளாஸ்டர் பூசி, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து, அதன்மேல் முதலில் வழுவழுப்பான மேல்பூச்சாகிற ஜெல்கோட், அது இறுகி விரலில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இரண்டு மேட். ரெசின் இறுகச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே நிற்கிற அந்தச் சின்னச் சுவரின் இடத்தைத்தான் அதிக நேரம் அளந்தோம். அது அரை அங்குலம் பின்னால் போனாலும் ஒருவருக்கு ஒத்துவராது. ஆண்களும் உட்கார்ந்துதான் மூத்திரம் போக வேண்டும், இதில் விதிவிலக்கு கிடையாது, விருந்தாளிக்கும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பக்கத்து வள்ளத்துப் பெரியவர் ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டு, "கடலும் காயலும் சுத்திக் கெடக்கு, நீ கக்கூசுக்குத் தும்புத்தூள் போடுதியா மக்கா?" என்றார். தூள் விஷயத்தில் நமக்குக் கவலையே இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் கோகோபீட் என்று காசு கொடுத்து வரவழைப்பது இங்கே கதம்பை அடிக்கிற ஆலைக்கு வெளியே குவியலாகக் கிடக்கிறது. ஆனால் மழையில் கிடந்த தூளை அப்படியே கொண்டுவந்தால் அதில் பூச்சி முட்டை இருக்கும், கொஞ்ச நாளில் சின்னச் சின்ன ஈ கிளம்பி கேபின் முழுக்கப் பறக்கும். நான் தார்ப்பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன். விலைக்கு வாங்குகிற டாய்லெட்டோடு வருகிற குறிப்புகளில் தூளை ஈரப்படுத்திப் போடச் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றிலேயே இருக்கிற ஈரத்துக்கு, முக்கியமாக ஆனி, ஆடியில், உலர்ந்தபடியே போடுவதுதான் சரியாக வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை தூள், கூடவே கொஞ்சம் அடுப்புச் சாம்பல். கிளறுகிற கைப்பிடியை வைக்கவே இல்லை. படகில் இருக்கிற சில வாரத்தில் எதுவும் முழு உரமாகப் போவதில்லை, வெறுமனே உலர்கிறது, அதற்கு மேலே தூவினாலே போதும், கழற்றிக் கழுவ வேண்டிய கம்பியும் மிச்சம்.

காற்றுக்கு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. 0.12 ஆம்பியர்தான் இழுக்கிறது, இரவும் பகலும் ஓடினாலும் மூன்று ஆம்பியர் மணிக்குள் முடிந்துவிடும். கேபின் காற்றை வாளி வழியாக இழுத்து, கூரைக்கு மேலே பிவிசி குழாயில் விடும். முனையில் கொசுவலை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நேர்முனை வைத்தால் காற்று எதிர்த்து உள்ளே வரும், அதனால் குடைமாதிரி மூடி. உப்புக்காற்று ஒயர் இணைப்பைத் தின்றுவிடும் என்பதால் வாசலின் தடவியிருக்கிறேன்.

மூத்திரம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், இரண்டு பேருக்கு மூன்று. 20 லிட்டர் கேன் வைத்தால் ஆறு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்தான், ஆனால் ஆடுகிற வள்ளத்திலிருந்து 20 கிலோவைத் தூக்கிக் கரையில் கால் வைத்துப் பாருங்கள். 10 லிட்டரே நல்லது. குழாயைக் காயல் தண்ணீரால் அலசக் கூடாது. உப்புத்தண்ணீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் மூத்திரத்தோடு சேர்ந்து குழாய்க்குள் கல்லாகப் படியும், கப்பல் டாய்லெட் குழாய்களை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே விரல் நுழையாது. நல்ல தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் போதும். குழாய் வாயில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்து உட்கார்ந்திருக்கிறது, மூத்திரம் வந்தால் மிதந்து வழி விடும், நின்றால் அடைத்துக்கொள்ளும், வாடை மேலே வராது.

கரைக்குப் போன பிறகு மூன்றுக்கும் மூன்று வழி. மூத்திரத்தை எட்டு பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தென்னை மூட்டில் விடுகிறோம். கழுவிய தண்ணீரைத் தோப்பின் ஒரு மூலையில் மேடாகக் கட்டிய மணல் படுகையில் ஊற்றுகிறோம், அதில் கல்வாழை. குழி தோண்டவில்லை, கடற்கரை மண்ணில் நிலத்தடித் தண்ணீர் மேலேயே கிடக்கும், குழியில் விட்டால் நேரே கிணற்றுக்குத்தான் போகும். மலவாளி மூடியோடு ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குப் போய்ச் சேரும், நிறைந்ததும் தேதி எழுதி ஒதுக்கி, அடுத்த டிரம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி நம்மைப்போல 20 டிகிரிக்கு மேலே வெப்பம் உள்ள இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் மூடிவைக்க வேண்டும். வயிற்றில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டைகள்தான் கடைசிவரை சாகாமல் கிடப்பவை. அதற்குப் பிறகும் தென்னைக்கு மட்டும், கீரைக்கும் வெண்டைக்கும் கிடையாது. முதல் டிரம் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடல் போட் வைத்திருக்கிற மச்சான் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தன் போட்டிலும் ஒன்று வைத்துத் தரச் சொன்னார். வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற பத்துப் பேர் என்றால் மூத்திரம் மட்டுமே நாளைக்கு 15 லிட்டர், ஒரு மாதத்துக்கு 450 லிட்டர், அந்தக் கேன்களை ஐஸோடு அடுக்குவீர்களா மீனோடு அடுக்குவீர்களா மச்சான் என்று கேட்டேன். அவருக்கு உண்மையில் வேண்டியது, போட் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற நாட்களில் காவலுக்குப் படுத்திருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு ஏற்பாடு. அதற்கு இது தாராளமாக ஒத்துவரும். அச்சு யார்டில்தான் கிடக்கிறது, ஆனால் போட்டில் உள்ளவர்களுக்குக் குத்தவைத்து உட்காருவதுதான் வசதி என்பதால் நடுச்சுவரை மாற்றிச் செதுக்க வேண்டும், ஸ்லைடு தட்டும் தேவைப்படாது, முசிறி மாதிரி நகர்ந்து உட்கார அங்கே இடம் இருக்கிறது. அடுத்த வாரம் அளவெடுக்கத் தேங்காய்ப்பட்டினம் போகிறேன்.