புள்ளிமானும் வெயில் புள்ளியும்

முதுமலைத் தேக்கங்காட்டில், இலை இடுக்கில் இறங்கும் வெயிலில் நிற்கும் புள்ளிமானை வாட்டர்கலரில் வரைகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். மானுக்கே உரிய புள்ளி எது, வெயில் போட்ட புள்ளி எது? இரண்டையும் தாள் வெள்ளையாக விட்டால் மானின் உருவம் கலைந்துபோகும்.

மானின் புள்ளி உடம்போடு வளையும். முதுகு நெடுகக் கருத்த பட்டை ஒன்று; அதை ஒட்டி இருபுறமும் புள்ளிகள் வரிசை பிடித்து ஓடும். வயிற்றோரப் புள்ளிகள் நெருங்கிக் கோடாகவே சேர்ந்துவிடும். விலா உருண்டு மறையும் இடத்தில் வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகும். வெயில் புள்ளி இப்படி அடங்காது. மானின் தோளில் பாதி, பின்னாலுள்ள மரப்பட்டையில் மீதி என்று எல்லை தாண்டிப் படியும்.

நிறம்தான் இன்னும் முக்கியம். நிழலில் இருக்கும் வெள்ளைப் புள்ளி, பளீர் வெயில் படும் பழுப்பு முடியைவிடப் பெரும்பாலும் இருண்டே இருக்கும். கண் இதை ஒப்புக்கொள்ளாது. அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, பார்த்து வரையும் புகைப்படத்தின் மேல் வைத்து, ஒரு ஓட்டையில் நிழல் புள்ளியும் மற்றதில் வெயில் முடியும் தெரியும்படி ஒப்பிட்டுப் பாருங்கள்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன் தாள், கோல்ட் பிரஸ் எனும் சற்றே சொரசொரப்பான வகை எடுங்கள். மானின் புள்ளிகளுக்கு மட்டும் மாஸ்கிங் ஃப்ளூயிட் வையுங்கள்; காய்ந்தால் ரப்பர்போல் ஆகி, அடியில் நிறம் படாமல் தடுத்து, பிறகு உரித்தெடுக்க வரும் திரவம் இது. பழைய பிரஷ் போதும். முதலில் சோப்பில் தோய்க்காவிட்டால் முடி ஒட்டிக்கொண்டு பிரஷ் வீணாகும். மாஸ்கிங் காய்ந்ததும், தொண்டையின் வெள்ளையை விட்டுவிட்டு உடம்பு முழுக்க யெல்லோ ஓக்கரில் (மண் மஞ்சள்) நீர்த்த பூச்சு. வெயில் படும் இடம் கடைசிவரை இந்த நிறத்திலேயே இருக்கட்டும். மற்ற இடங்களில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு).

அடுத்த கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மாஸ்கிங்கைப் படம் முடிந்த பிறகு உரித்தால் புள்ளிகள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியதுபோல் துருத்தி நிற்கும். நிழல் பூச்சுக்கு முன்பே உரித்துவிட்டு, ஈரப் பிரஷால் ஓரங்களை லேசாகத் தேய்த்து மென்மையாக்குங்கள். தாள் நன்றாகக் காயட்டும். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. பிறகு அல்ட்ராமரைனில் (அடர் நீலம்) துளி பர்ன்ட் சியன்னா கலந்து, வெயில் இடங்களைத் தவிர்த்து, புள்ளிகளின் மேலும் சேர்த்தே ஒரே இழுப்பில் பூசுங்கள். திரும்பத் தேய்த்தால் அடிநிறம் கிளம்பிச் சேறாகிவிடும்.

புள்ளிகள் இப்போது நீலச்சாம்பலாக அடங்கும். தொண்டையின் வெள்ளைக்கும் இதே நிழல்தான்.