சமயபுரம் பூச்சொரிதலில் அம்மாச்சியை நினைத்து

மாசி மாதக் கடைசி ஞாயிறன்று சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மனே விரதம் இருக்கிறாள். நாம் நன்றாக இருக்க வேண்டும் என்று தெய்வம் இருக்கும் பட்டினி. பச்சைப் பட்டினி என்பார்கள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான்.

எங்கள் அம்மாச்சி உடம்பில் தெம்பு இருந்தவரை அம்மனோடு சேர்ந்து இந்த விரதத்தை இருந்தார். தாத்தா பட்டாளத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி. கல்யாணமாகிச் சில வாரங்களில் ட்ரங்குப் பெட்டியோடு ரயிலேறினார். அதற்கப்புறம் அம்மாச்சியின் வாழ்க்கை லீவுக்கும் லீவுக்கும் இடையில்தான் ஓடியது. மாமனார், மாமியார், கழனி, மாடு, பிறகு பிள்ளைகள் எல்லாம் அவர் தலையில்.

தாத்தா எந்த ஊரில் இருக்கிறார் என்பது விலாசத்தில் இருக்காது. பெயர், நம்பர், யூனிட், கீழே ராணுவத் தபால் எண்ணான 56 ஏபிஓ. அவ்வளவுதான். மாதாமாதம் மணியார்டர் வரும். அந்தப் படிவத்தின் அடியில் சேதி எழுத ஒரு சின்ன இடம் இருந்தது. அதில் தாத்தா நுணுக்கி நுணுக்கி எழுதுவார்: "நலம். மாட்டுக்குக் கழுநீர் காட்டவும். உடம்பைப் பார்த்துக்கொள்." அம்மாச்சி பணத்தை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, சேதி எழுதிய அந்தக் கூப்பனை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வார். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது பழைய புடவையில் முடிந்த கட்டாக அவை கிடைத்தன. ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. மஞ்சள் பூசிய கையோடு எத்தனை முறை எடுத்துப் பார்த்தாரோ.

1971 டிசம்பர் 3ஆம் தேதி பாகிஸ்தானோடு சண்டை தொடங்கியபோது எங்கள் அம்மா அவர் வயிற்றில். ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். சாயங்காலச் செய்தி நேரத்தில் ஆண்கள் கூடி நிற்பார்கள். பெண்கள் கிட்டே போக மாட்டார்கள். அம்மாச்சி தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகவே மெதுவாக நடப்பாராம். 16ஆம் தேதி டாக்காவில் சரணடைந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே வெடி போட்டது. அம்மாச்சிக்கு அது பாதிச் செய்திதான். சண்டை முடிந்தது சரி, அவர் இருக்கிறாரா என்று யார் சொல்வார்கள்? மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டுவிட்டுத் தபால்காரர் வரும் திசையைப் பார்த்தபடி இருந்தாராம். பொங்கல் கழிந்துதான் மணியார்டர் வந்தது. சேதி இடத்தில் ஒரே ஒரு சொல்: "இருக்கிறேன்."

அந்த வருடப் பூச்சொரிதலுக்கு நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தவர், யார் சொல்லியும் கேட்காமல் மாட்டு வண்டியில் பூக்கூடையோடு போய்விட்டார். "அவ நமக்காகப் பட்டினி கெடக்கா. அந்த மனுசனுக்காக நான் கெடக்கக் கூடாதா?" என்று பின்னாளிலும் கேட்பார். போர்க்களத்தில் நின்றவருக்கு மெடல் கொடுத்தார்கள், அது நியாயம். வீட்டில் நின்றவர் தன் கணக்கை இந்த அம்மனிடம் மட்டுமே சொல்லி வைத்திருந்தார் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது.

தாத்தா போன பிறகு குடும்பப் பென்ஷன் வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச் சான்று கொடுக்க பேங்குக்குப் போவார். அதற்கும் நல்ல புடவைதான்.

அவருடைய தலைத் திவசம் முடிந்து, இந்த மாசியில் அம்மாவும் நானும் சமயபுரம் போனோம். கொள்ளிடம் பாலம் தாண்டும்போதே சாலையோரம் மஞ்சள் புடவைகளின் வரிசை. பூக்கூடைகளைத் தலையில் சுமந்தபடி நடந்து வருகிறார்கள். கூட்டம் சொல்லி முடியாது. வரிசையில் முன்னால் நின்ற ஒரு பாட்டி, கூடையின் மேல் ஈரத்துணியை அடிக்கடி நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பூ வாடிவிடக் கூடாதாம்.

மூலவர் மூலிகைகள் சேர்ந்த சுதைத் திருமேனி. அதனால் அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். பெரிய உருவமாக அமர்ந்திருக்கும் அவளை எத்தனை தூரத்திலிருந்தும் பார்த்துவிடலாம். எங்களுக்குக் கிடைத்தது சில நொடிதான். மல்லிகையும் செவ்வந்தியுமாகக் கொண்டுபோன கூடையைக் கொடுத்தோம். "யார் பேருக்கு?" என்று அர்ச்சகர் கேட்டார். அம்மாச்சியின் பெயரைத்தான் அம்மா சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மாமா பையன் பெயரைச் சொன்னார். அவன் இப்போது லடாக்கில் பணியில் இருக்கிறான். அம்மாச்சி இருந்தாலும் அவன் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

வெளியே வந்ததும் அவன் மனைவிக்குப் போன் செய்தோம். இந்த வருடம் அவளும் விரதத்தைத் தொடங்கியிருக்கிறாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. அம்மா திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, "அவனுக்குத் தபாலில் அனுப்பணும், விலாசம் சொல்லு" என்றார். பெயர், நம்பர், யூனிட் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். கடைசி வரியை அவள் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார்.