கிராம் கணக்கு: மகனோடு பத்து மாதம்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இரவு ஒன்றே முக்கால் மணிக்கு என் கைப்பேசி அடித்தது. திரையில் மகனின் பெயர், ஆனால் பேசியது அவன் இல்லை, அவனுடைய நண்பன். "அங்கிள், எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கிறான், ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான்." நாங்கள் இருப்பது சிங்கப்பூர். ஓ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்ததைக் கொண்டாட 14 பேர் சேர்ந்து பாசிர் ரிஸ் பக்கம் ஷாலே, அதாவது வாடகை விடுதி, எடுத்திருந்தார்கள். பார்பிக்யூ, சீட்டாட்டம், விடிய விடிய அரட்டை என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வயது 17.

ஒருக்களித்துப் படுக்க வை, மல்லாந்து படுக்க விடாதே, ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதே என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்காக 995க்கு நானே அழைத்தேன். அவர்கள் அழைக்காததற்குக் காரணம் பயம்தான். போலீஸ் வருமோ, பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள். "தூங்கினா தெளிஞ்சிடும்" என்பது ஆபத்தான பேச்சு. கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் ஏற நேரமாகும், படுத்த பிறகும் போதை ஏறிக்கொண்டேதான் இருக்கும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்று அவனை எழுப்ப முடியாமல் போனதும் நண்பன் எனக்கு அழைத்தானே, அந்தப் பிள்ளைக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். சட்டம் இல்லாமலா இருக்கிறது? 18 வயதுக்குக் கீழே இருந்தால் கடையில் விற்கக்கூடாது, 2015லிருந்து இரவு பத்தரைக்கு மேல் கடையில் வாங்கவும் முடியாது, காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. ஆனால் யாரோ ஒருவனின் அண்ணன் சாயங்காலம் ஏழு மணிக்கே இரண்டு பை நிறைய வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு மேல் சட்டம் என்ன செய்யும்?

அடுத்த ஐந்து வாரம் நான் செய்தது முழுக்கத் தப்பு. கண்காணிப்புச் செயலி ஒன்றை அவன் கைப்பேசியில் போட்டேன். எங்கே இருக்கிறான், எத்தனை மணிக்கு எந்தச் செயலியைத் திறந்தான் என்று எல்லாம் எனக்கு வரும். வேலையில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் அந்த நீலப் புள்ளியைப் பார்ப்பேன். பிடோக்கில் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறது, நூலகத்தில் இருக்கிறது, சரி, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அந்தப் புள்ளி வீட்டில் இருந்தது, வீட்டில் இருந்த என் மனைவியோ "அவன் காலையிலேயே போயிட்டானேங்க" என்றாள். தலையணை உறைக்குள் கைப்பேசி. வெளியே எடுத்துப் போக இன்னொரு பழைய கைப்பேசியை யாரிடமோ வாங்கி வைத்திருந்தான். அன்று நான் கத்திய கத்தலில் அவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. யோசித்துப் பார்த்தால், ஐந்து வாரத்தில் அவன் குடியைப் பற்றி நான் ஒரு விஷயம்கூடத் தெரிந்துகொள்ளவில்லை, அவன் என்னிடமிருந்து ஒளிக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான்.

ஏப்ரலில் பாலிடெக்னிக் ஆரம்பித்தது. அங்கே மாணவர்களுக்கு ஆலோசகர் உண்டு, காசு கிடையாது. அவன் அம்மா கெஞ்சியதால் ஒரு தடவை போய்வர ஒத்துக்கொண்டான். இரண்டாவது தடவை, அவன் சம்மதத்தோடு, என்னையும் கூப்பிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஆலோசகர் அவனிடம் கேட்டார்: "குடியைக் குறைப்பது உனக்கு எவ்வளவு முக்கியம், 0லிருந்து 10க்குள் ஒரு எண் சொல்." அவன் 4 என்றான். எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வந்தும் நாலுதானா? நானாக இருந்தால் ஏன் எட்டு இல்லை என்று கேட்டிருப்பேன். அவர் கேட்டது வேறு: "ஏன் 2 இல்லை?" பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். அந்த ராத்திரியில் பாதி அவனுக்கு நினைவில் இல்லை, அது பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து விளையாடப் போகமுடியவில்லை. அம்மா அழுதது. இவை எல்லாம் அவன் வாயிலிருந்து வந்த காரணங்கள், நான் திணித்தது ஒன்றுமே இல்லை. ஏன் 8 இல்லை என்று கேட்டிருந்தால் அவன் குடிக்கு வக்காலத்து வாங்கித்தான் பேசியிருப்பான்.

அன்றே ஒரு கேள்வித்தாளையும் கொடுத்தார். ஆடிட் என்று பெயர், உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கியது, பத்தே கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். பெரியவர்களுக்கு 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி என்று அர்த்தம், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக வந்தாலே பேசவேண்டும் என்றார். கைப்பேசியிலேயே தட்டித் தட்டிப் பதில் சொல்லலாம். அவனுக்கு 12 வந்தது. அதில் 4 மதிப்பெண் கடைசிக் கேள்வியில் வந்தது. சொந்தக்காரரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டுக் குறைக்கச் சொன்னதுண்டா என்பது கேள்வி, ஆமாம், இந்த ஒரு வருஷத்துக்குள் என்று அவன் தட்டியிருந்தான். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, நீங்களும் பண்ணுங்க" என்றான்.

நான் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பீர் குடிப்பவன். வேலை முடிந்து வந்தால் ஒரு டின், விருந்தாளி வந்தால் நாலைந்து. அதைக் குடி என்றே நான் நினைத்ததில்லை. எனக்கு 10 வந்தது. எனக்கும் அந்தக் கடைசிக் கேள்வியில் நாலுதான், என் மனைவி எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த இடத்தில்தான் விஷயம் திரும்பியது என்று நினைக்கிறேன். நான் அவனைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, இருவரும் அவரவர் கணக்கை அவரவர் எழுதுவது என்று முடிவு செய்தோம். கண்காணிப்புச் செயலியை அவன் கண்ணெதிரே நீக்கினேன்.

கணக்கு எழுத முதலில் இரண்டு செயலிகளை இறக்கிப் பார்த்தோம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். "ஒரு டிரிங்க்" என்பது ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டன் செயலியில் ஓர் அலகு என்றால் 8 கிராம் சாராயச் சத்து, ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14. ஒரே பாட்டிலை இரண்டு செயலியில் போட்டால் இரண்டு எண் வரும். இவற்றில் பல பெரியவர்களுக்காகச் செய்தவை வேறு, பதக்கம் கொடுப்பதும் "எத்தனை பணம் மிச்சம்" என்பதும் 17 வயதுப் பையனுக்கு ஒட்டவே இல்லை. ஒரு வாரத்தில் இரண்டையும் அழித்தான். அழித்துவிட்டு அவனே கூகுள் ஷீட்டில் ஒரு பக்கம் செய்தான். மில்லிலிட்டர், சதவீதம் இரண்டையும் போட்டால் கிராம் தானாக வரும். சூத்திரம் சின்னது: மில்லியைச் சதவீதத்தால் பெருக்கு, 0.79ஆல் பெருக்கு, நூறால் வகு. சாராயம் தண்ணீரைவிட லேசு என்பதால் அந்த 0.79.

சமையலறை மேசையில் காலி பாட்டில்களின் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டோம். 330 மில்லி சாதாரண பீர், 5 சதவீதம்: 13 கிராம். நான் குடிக்கிற 500 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்: கிட்டத்தட்ட 32 கிராம். நான் "ஒரு டின்" என்று சொல்லிக்கொண்டிருந்தது சின்ன பீரில் இரண்டரை டின். அவன் பீச் சுவை சோஜுவை, அது கொரிய மது, போட்டான், 360 மில்லி, 13 சதவீதம். 37 வந்தது. "இது ஜூஸ் மாதிரிதான்பா இருக்கும்" என்றான். அன்று ஷாலேயில் இரண்டரை பாட்டில், அதுபோக பீர். எண்ணி முடித்தபோது 118 கிராம். அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆலோசகர் கொடுத்த இன்னொரு வேலை நண்பர்களைப் பற்றியது. "எல்லாரும் குடிக்கிறாங்க, நான் மட்டும் எப்படி" என்பதுதானே எல்லாப் பிள்ளைகளும் சொல்வது. மற்றவர்கள் நிஜமாகக் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாக நினைத்துக்கொள்வது இந்த வயதில் சகஜம், அந்த நினைப்பைச் சரிசெய்தாலே குடி குறைவதுண்டு என்று அவர் விளக்கினார். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்கெடுப்பு நடத்தலாம் இல்லையா? அந்த ஷாலேக் குழுவிலேயே கேட்டான்: "அன்னைக்குக் கடைசி ரவுண்டு உனக்கு நிஜமாவே வேணுமா?" 14 பேரில் 9 பேர் வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். ஒன்பது பேருக்கு வேண்டாத ஒரு ரவுண்டை 14 பேரும் குடித்திருக்கிறார்கள்! அவன் அந்தப் படத்தை என்னிடம் காட்டியபோது முகத்தில் ஒரு வெளிச்சம். நான் பத்து மணி நேரம் அறிவுரை சொன்னாலும் அது வந்திருக்காது.

ராத்திரிகளில் மனசு சரியில்லாதபோது மைண்ட்லைன் என்ற மனநலத் தளத்தில் இருந்த வைசா என்ற அரட்டை நிரலோடு தட்டச்சில் பேசினான் என்று பிறகுதான் சொன்னான். பதிவு செய்ய வேண்டாம், பெயர் வேண்டாம், அதனால் பிடித்திருந்தது. ஆனால் அது ஆள் இல்லை, அதற்கு மேல் வேண்டுமென்றால் மனிதரிடம்தான் போகவேண்டும். 16லிருந்து 30 வயது வரை உள்ளவர்களுக்குச் சாட் என்ற இலவச மனநலச் சேவை இருக்கிறது. குடியை விடமுடியாத நிலைக்குப் போய்விட்டால் மனநலக் கழகத்தின் நேம்ஸ் என்ற போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவு, உதவி எண் 6732 6837. நடுக்கம், வியர்வை எல்லாம் வருகிற அளவுக்குத் தினமும் குடிப்பவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தக்கூடாது, மருத்துவரிடம் போகவேண்டும். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை.

அவனுக்கு உதவியதிலேயே பெரியது எது என்று கேட்டால், அவனே அவனுக்கு அனுப்பிக்கொண்ட செய்தி. டெலிகிராமில் தனக்குத்தானே செய்தி எழுதி, இத்தனை மணிக்கு நினைவூட்டு என்று வைக்கலாம். வெளியே போகிற சனிக்கிழமைகளில் இரவு ஒன்பதுக்கு வருகிற மாதிரி வைத்தான். தெளிவாக இருக்கும்போது எழுதிய செய்தி, கை குப்பியைத் தேடும் நேரத்துக்கு வந்து சேரும். என்ன எழுதியிருந்தான் என்று அவனாகவே ஒருநாள் காட்டினான்: "இப்ப எத்தனை கிராம்? தண்ணி குடி. நாளைக்கு எட்டு மணிக்கு மேட்ச், கோல் கீப்பர் நீதான். 11.15க்கு ஸ்டேஷன்ல இரு." கடைசி வரியில் இருக்கிறது சூட்சுமம். "கம்மியாக் குடி" என்றால் அது எப்போது என்று தெரியாது. ரயிலைப் பிடிக்க ஒரு நேரம் உண்டு.

தீபாவளிக்கு எல்லாம் கொஞ்சம் சரிந்தது. உட்லண்ட்ஸில் என் மச்சான் வீட்டில் விருந்து. பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்று மாமன் பாசத்தில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார், "ஒண்ணுதானே, வீட்டுலதானே" என்று. அவன் என்னைப் பார்த்தான், நான் பேசத் தயங்கிவிட்டேன், விருந்துக்குப் போன வீட்டில் எதற்கு என்று. மூன்று ஊற்றினார். அன்று இரவு ஷீட்டில் 41 என்று நேர்மையாக எழுதியிருந்தான். அவனைத் திட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மறுநாள் காலை மச்சானுக்கு அழைத்துப் பேசினேன். முதலில் கோபப்பட்டார், பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னதும் அமைதியாகிவிட்டார். உறவுக்குள் மறைத்து வைத்தது நாங்கள்தான், அவர் மேல் தப்பில்லை.

டிசம்பரில் அதே நண்பர்கள், அதே பாசிர் ரிஸ், இன்னொரு ஷாலே. போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனை மணிக்குச் சாப்பாடு எடுத்து வைக்கட்டும் என்று மட்டும் அவன் அம்மா கேட்டாள். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், மூடி வைத்திருந்த மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டபடியே மறு கையால் ஷீட்டைத் திறந்தான்.

"இருபத்தாறுப்பா," என்றான், நான் கேட்கவே இல்லை. "நீங்க?"

"பதிமூணு."

"சின்ன டின்னா?"

"சின்ன டின்தான்."