ஒன்பதாம் நாள் பொங்கிய மாவு

50 கிராம் முழுக்கோதுமை மாவு, 50 கிராம் தண்ணீர், ஒரு ஜாம் பாட்டில். கடை ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியைப் பொங்கவைக்கும் புளித்த மாவை (சவர்டோ ஸ்டார்ட்டர்) இப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் நாளே மாவு பொங்கியது. அது ஈஸ்ட் இல்லை, வேறு பாக்டீரியாக்களின் வேலை. அப்புறம் மூன்று நாள் அசைவே இல்லை. இங்கேதான் பலர் கொட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து கொட்டாதீர்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் காலை, அடையாளத்துக்குப் போட்ட ரப்பர் பேண்டைத் தாண்டி இரண்டு மடங்கு ஏறியிருந்தது. மூடியைத் திறந்தால் அம்மா அரைத்த இட்லி மாவின் அதே புளிப்பு வாசம்!

சென்னை வெயிலில், இதைச் சேர்த்துப் பிசைந்த ரொட்டி மாவு நாலு மணி நேரத்திலேயே தயார். ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியின் மேல்தோல் ஆறும்போது மெல்லப் படபடவென்று வெடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.