புனலுக்குள் விழுந்த அரை லீற்றர்

ஞாயிறு இரவுகளில் எங்கள் வகுப்பு நண்பர்கள் கைபேசி வழியாக ஒன்றுகூடுவோம். ஐந்து நாடுகள், நாலு நேரவலயங்கள். ஒருவனுக்கு விடிகாலை, இன்னொருவனுக்கு நித்திரைக்குப் போகும் நேரம். ஆனால் தொடக்கம் மட்டும் மாறுவதில்லை.

"என்ன மச்சான், அங்கை குளிரோ?"

"குளிர் போயிற்றுது. காத்துத்தான் விடுகுதில்லை."

"இங்கை மூண்டு நாளாய் ஒரே மூட்டம். வெயிலைக் கண்டு கனகாலம்."

இப்படியே கால் மணி நேரம் போகும். அமெரிக்காவில் இருப்பவன் பரனைற்றில் சொல்வான், மற்றவர்கள் அதைச் செல்சியசுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். ஒருமுறை கடுங்குளிர் நாட்டில் இருப்பவன் "சைபருக்குக் கீழை நாற்பது" என்றான். "எந்த நாற்பது?" என்று கேட்டோம். "எதிலை வேணுமெண்டாலும் வைச்சுக்கொள்ளுங்கோடா" என்றான். உண்மைதான். அந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைச் சொல்லும்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, உங்களுக்கு வேறை கதையே இல்லையா?" என்றாள். எங்களுக்கு வானிலை பேசப் பழக்கியதே பள்ளிக்கூடம்தான் என்று சொல்லி மழைமானிக் கதையை எடுத்தேன். நித்திரைக்குப் போக எழுந்தவள் ஒரு மணி நேரம் இருந்து கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் நம் பள்ளி மலருக்கும் எழுதுகிறேன்.

நம் பள்ளி மைதானத்தின் மூலையில் கம்பி வேலி அடைத்த சின்னச் சதுரம் ஒன்று இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குள் செம்பிலான மழைமானி ஒன்று, நாலு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று. சின்ன வகுப்பில் அதைப் புறாக்கூடு என்றுதான் நினைத்திருந்தேன். அது ஸ்ரீவன்சன் கூடு. கலங்கரை விளக்கங்கள் கட்டிய தோமஸ் ஸ்ரீவன்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. சாய்வுப் பலகைகளின் இடுக்கால் காற்று உள்ளே போய் வரும், வெயில் நேரே படாது. "வெப்பமானியை வெயிலிலை வைச்சால் அது தன்ரை சூட்டைத்தான் சொல்லும், காத்தின்ரை சூட்டைச் சொல்லாது" என்பார் எங்கள் புவியியல் சேர்.

அவருடைய பாடம் எப்போதும் வானிலையில்தான் தொடங்கும். வகுப்புக்குள் வந்ததும் யாராவது ஒருவனைப் பார்த்து, "வெளியிலை எப்பிடி?" என்று கேட்பார்.

"வெக்கை, சேர்."

"வெக்கையோ, புழுக்கமோ?"

முதல் தடவை இந்தக் கேள்வி வந்தபோது வகுப்பே முழித்தது. இரண்டும் ஒன்றுதானே என்று இருந்தோம். சேர் எங்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். கூட்டுக்குள் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருந்தது, மற்றது வெறுங்குமிழ். துணியில் உள்ள ஈரம் ஆவியாகும்போது குமிழின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஆகவே காற்று வரண்டிருந்தால் ஈரக்குமிழ் நன்றாக இறங்கி நிற்கும், இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது, இரண்டும் கிட்டக் கிட்ட நிற்கும். அப்படிப்பட்ட நாளில் நம் வியர்வையும் அந்தத் துணியைப் போலத்தான், உடம்பிலேயே இருந்துவிடும். அதுதான் புழுக்கம். "தமிழிலை ரெண்டு சொல் வைச்சிருக்கிறம், மாறிச் சொல்லக்கூடாது" என்று சொல்லிக் கூட்டின் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து யார் "சரியான வெக்கை" என்றாலும் என் வாயில் அந்தக் கேள்வி வந்துவிடும். மகளுக்கும் இப்போது பழகிவிட்டது.

மழையிலும் அப்படித்தான். வெறுமனே மழை என்று சொன்னால் விடமாட்டார். தூறலா, காற்றோடு சாய்ந்து வந்த சாரலா, விடாமல் பெய்யும் அடைமழையா? தூறலுக்குக்கூட வானிலையாளரிடம் கணக்கு உண்டு, துளியின் விட்டம் அரை மில்லிமீற்றருக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். மண்வாசனையையும் சேர்க்கவேண்டும். காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் அந்த மணத்துக்கு இரண்டு அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல்தான் பெற்றிக்கோர் என்று பெயர் வைத்தார்கள். இதைப் பின்னாளில் எங்கோ வாசித்தபோது, நம்மிடம் எப்போதோ இருந்த சொல் ஆயிற்றே என்று மனம் குளிர்ந்தது.

மழைமானி பார்க்கும் முறை மாதத்துக்கு இரண்டு பேர். காலை 8:30க்குப் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுச்சாடியில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குச் சரியாக இறக்கிப் பார்க்கவேண்டும். கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும். அதைப் பார்க்கக்கூடாது, நடுவில் பள்ளமாக இருக்கும் இடத்தைத்தான் வாசிக்கவேண்டும். பதிவேட்டில் தசமம் ஒரு தானத்துக்கு எழுதவேண்டும். அளக்க முடியாத அளவுக்குத் தூறியிருந்தால் சைபர் போட விடமாட்டார், "தூறியது, அளக்க முடியவில்லை" என்று எழுத்திலேயே எழுதவேண்டும். வந்ததை வரவில்லை என்று எழுதலாமோ என்பது அவர் கேள்வி.

எனக்குச் சோடியாக வந்தவன் அந்த வருடம் நடுவில் சேர்ந்த புதுப் பையன். யாரோடும் பேசமாட்டான். நானும் அப்போது அதிகம் பேசுகிறவன் இல்லை. முதல் கிழமை, "எவ்வளவு?" "ஆறு தசம் இரண்டு." "சரி." அவ்வளவுதான். பிறகு ஒருநாள் காலை, இரவெல்லாம் இடித்துப் பெய்து ஓய்ந்த காலை, வேலிக் கதவைத் திறந்துகொண்டே கேட்டேன்.

"ராத்திரி இடி கேட்டதோ?"

"ஓம். ஒம்பது எண்ணினன்."

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்துவது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும், ஆகவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீற்றர். ஒன்பது என்றால் மூன்று கிலோமீற்றர் தூரம். அதே இடியை நானும் படுக்கையில் கிடந்து எண்ணியிருந்தேன். எனக்கு ஏழுதான் வந்தது. "உன்ரை வீடு அந்தப் பக்கம்தானே, எனக்குக் கொஞ்சம் தள்ளி" என்று அவனே விளக்கினான். அப்படி அவன் வீடு எங்கே என்று எனக்கும், என் வீடு எங்கே என்று அவனுக்கும் சரியாகத் தெரிந்தது. அந்தத் தவணை நாங்கள் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்கும், அத்தனையும் மழையும் காற்றும் முகிலும்தான். அடுத்த தவணை அவன் எங்கள் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுகம் விசாரிப்பது, வானிலையைச் சொல்வது போன்ற பேச்சுகளில் செய்தி முக்கியமில்லை, மனிதரை மனிதரோடு சேர்ப்பதே அவற்றின் வேலை என்று சொல்கிறார். பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் செய்தி முக்கியமில்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு அவன் "ஒம்பது" என்று சொல்லாமல் "ஓம், கேட்டது" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் இன்னொரு தவணை பேசாமல் இருந்திருப்பேன்.

விடுதியில் இருந்தவர்களுக்கு நிலவு வட்டம் நினைவிருக்கும். "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் எது எட்ட, எது கிட்ட? சேர் ஓர் இரவு விடுதி முற்றத்தில் அதைக் காட்டினார். கையை நேராக நீட்டி, விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியை நிலவில் வைக்கவேண்டும். சுண்டுவிரல் நுனி வட்டத்தில் பட்டால் அது எட்ட வட்டம், ஏறத்தாழ 22 பாகை. மிக உயரத்தில் மெல்லிய முகிலில் உள்ள பனிப்படிகங்கள் ஒளியை வளைத்து உண்டாக்குவது. அப்படிப்பட்ட முகில் பல வேளைகளில் மழைக்கு முன்னால் வரும். நிலவை ஒட்டி நிற்கும் சின்ன ஒளிவட்டம் வேறு சங்கதி, அது நுண்ணிய நீர்த்துளிகளால் வருவது. முப்பது பேரும் கையை நீட்டிக்கொண்டு நிலவைப் பிடிக்க நின்ற காட்சி இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. "எல்லாத் தடவையும் பலிக்காது. பத்து வட்டம் பாத்து எத்தினை தரம் மழை வந்தது எண்டு எழுதி வையுங்கோ" என்றார். இன்று கைபேசி "மழைக்கு 30 வீதம்" என்று காட்டும்போது பலர் கோபப்படுகிறார்கள், பெய்யும் என்கிறதா, பெய்யாது என்கிறதா என்று. எங்களுக்கு அது குழப்பமில்லை. இதேபோன்ற பத்து நாள்களில் மூன்றில் மழை வரும், அவ்வளவுதான்.

இனி மகளுக்கு மிகவும் பிடித்த இடம்.

ஒரு காலை நானும் நண்பனும் புனலைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிறைய. இரவு மழை பெய்ததாக நினைவில்லை. ஆனாலும் இருப்பதை அளக்கவேண்டுமே. அளவுச்சாடியில் நாலு தடவை ஊற்றி அளந்தோம். 39.5 மில்லிமீற்றர். அந்த மாதத்திலேயே பெரிய எண். ஓடிப்போய்ப் பதிவேட்டில் எழுதிச் சேரிடம் காட்டினோம். அவர் யன்னலால் வெளியே பார்த்தார். மைதானம் புழுதியாகக் கிடந்தது. ஒன்றும் பேசாமல் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கணக்கைத் தொடங்கினார். புனலின் விட்டம் 12.7 சென்ரிமீற்றர். பரப்பு ஏறத்தாழ 127 சதுர சென்ரிமீற்றர். அதை 3.95 சென்ரிமீற்றரால் பெருக்கினால் வருவது, கிட்டத்தட்டச் சரியாக, 500 மில்லிலீற்றர்.

"இது முகிலிலையிருந்து வரேல்லை. அரை லீற்றர்ப் போத்தலிலையிருந்து வந்தது."

வகுப்பு அதிர்ந்து சிரித்தது. யார் ஊற்றியது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த கணக்கைப் போட்டார். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். உதைபந்தாட்டத் திடலை 105க்கு 68 மீற்றர் என்று வைத்தால் 7,140 சதுர மீற்றர். 39.5 மில்லிமீற்றர் உண்மையாகவே பெய்திருந்தால் திடலில் மட்டும் 282,000 லீற்றருக்கு மேல் விழுந்திருக்கவேண்டும்.

"ஊத்தினவர் மிச்சத்தையும் கொண்டுவந்து ஊத்தட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

சென்ற மாதம் ஞாயிறு அழைப்பில், வழக்கம்போல் யார் ஊரில் எவ்வளவு மழை என்று பேசிக்கொண்டிருந்தபோது, கடுங்குளிர் நாட்டு நண்பன் தொண்டையைச் செருமினான். "மச்சான்மார், அந்தப் போத்தல் என்ரைதான்" என்றான். இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லையாம். அடுத்த அரை மணி நேரம் எங்களில் ஒருவரும் வானிலை பேசவில்லை.

இப்போது பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். புவியியல் அறை அலுமாரியில் பழைய மழைப் பதிவேடுகள் இருந்தால் தயவுசெய்து புரட்டிப் பாருங்கள். எங்கள் கையெழுத்தில் 39.5 என்று எழுதியிருக்கும், அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சேரின் கையெழுத்தில் "போத்தல்" என்று ஒரே சொல். கண்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கீழே கையொப்பம் இட்ட இரண்டு பேரில் ஒருவன் நான்.